துறவி நண்டு தோலுரிக்கிறதா, இறந்துவிட்டதா: அறிகுறி வாரியாகச் சோதிக்கும் முறை

காலிச் சங்கைச் சுமந்து வாழும் துறவி நண்டை வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: நண்டு அசையவில்லை, இறந்துவிட்டதா, தோலுரிக்கிறதா? சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட சிற்றுயிர்களுள் தரைவாழ் துறவி நண்டும் ஒன்று என்பதால், பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று வாங்கி வந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில் வைத்திருப்பவர்கள் இங்கே கணிசமாக உண்டு. கடையில் ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு கைப்பிடி வண்ணக் கற்கள், சாயம் பூசிய சங்கு ஆகியவற்றோடு நண்டைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அது ஒருநாள் மண்ணுக்குள் போய் மாதக்கணக்கில் மறைந்துவிடும் என்பதை மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

கீழே உங்கள் நண்டிடம் காணும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே செல்லலாம். எல்லாத் தலைப்புக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. இறந்த நண்டைச் சில நாள் கூடுதலாக விட்டுவைத்தால் வீட்டில் நாற்றம் வரும். அதற்கு மேல் இழப்பு எதுவும் இல்லை. தோலுரிக்கும் நண்டைத் தோண்டி எடுத்தாலோ, அதன் மென்மையான உடல் நசுங்கி அது இறந்துபோகக்கூடும். ஆகவே இறப்பு உறுதியாகத் தெரியும்வரை நண்டு உயிரோடு இருப்பதாகக் கொண்டே ஒவ்வொரு செயலையும் செய்ய வேண்டும்.

இவை அனைத்தும் தரைவாழ் துறவி நண்டுக்கு மட்டுமே பொருந்தும். சாங்கியிலோ ராமேசுவரத்திலோ அலை வந்து போகும் இடத்திலிருந்து எடுத்து வந்த நண்டு பெரும்பாலும் கடல்வாழ் வகையாகவே இருக்கும். அதனால் மண்தொட்டியில் பிழைக்க முடியாது. அது அசையாமல் கிடந்தால் தோலுரிப்பு என்று நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை.

அறிகுறி 1: மண்ணுக்குள் போனது, வாரக்கணக்கில் வெளியே வரவில்லை

இதுவே அதிகம் வரும் அறிகுறி. கவலைப்பட வேண்டிய தேவை மிகக் குறைவான அறிகுறியும் இதுவே.

*முதல் காரணம்: தோலுரிப்பு.* கட்டைவிரல் நகத்தளவு நண்டுக்கு மூன்று நான்கு வாரங்கள் போதும். எலுமிச்சம்பழ அளவுச் சங்கில் வாழும் நண்டுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். அதைவிடப் பெரியது மூன்று மாதத்தைத் தாண்டியும் மண்ணுக்குள்ளேயே இருக்கலாம். உள்ளே போவதும், பழைய தோலைக் கழற்றுவதும், புதிய தோல் இறுகுவதும், கழற்றிய தோலை மென்று தின்று சுண்ணாம்புச் சத்தை மீட்பதும் இந்தக் காலத்துக்குள்தான் நடக்கின்றன. தோல் கழலும் வேலை அதில் சிறு பங்கே. மீதி முழுவதும் அதற்கான ஆயத்தமும் ஓய்வும்தான்.

மண்ணுக்குள் போவதற்கு முந்தைய வாரங்களை நினைவுபடுத்திப் பாருங்கள். நண்டு வழக்கத்தைவிட அதிகமாகத் தின்றதா? நீர்க்கிண்ணத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்ததா? தொட்டியின் பல மூலைகளில் சிறு குழிகளைத் தோண்டிப் பார்த்துக் கைவிட்டதா? உடலின் நிறம் சாம்பல் பூத்தது போல் மங்கியதா? கண்கள் பளபளப்பு இழந்தனவா? முன்பு ஒரு கால் இழந்த நண்டாக இருந்தால், அந்த இடத்தில் கண்ணாடி போன்ற கூழ் மொட்டு ஒன்று வளர்ந்ததா? சங்கிலிருந்து நீண்டு எட்டிப் பார்த்த வேளையில், வயிற்றின் இடப்பக்கம் சிறு நீர்ப்பை புடைத்திருந்ததைக் கண்டீர்களா? இவற்றில் இரண்டு மூன்று பொருந்தினாலே தோலுரிப்பு என்று கொள்ளலாம். ஒன்றுமே கண்ணில் படவில்லை என்பதால் தோலுரிப்பு இல்லை என்று ஆகிவிடாது; நண்டு இரவில் நடமாடும் உயிர், நாம் பார்க்காத நேரத்தில்தான் பாதி வேலையை முடிக்கிறது.

*இரண்டாம் காரணம்: மேலே இருக்க முடியாமல் உள்ளே ஒளிந்திருத்தல்.* குளிரூட்டி இரவெல்லாம் ஓடும் அறையில் வெப்பமும் ஈரப்பதமும் ஒருசேரக் குறைகின்றன. துறவி நண்டு செவுள்களால் மூச்சுவிடுகிறது. அந்தச் செவுள்கள் ஈரமாக இருந்தாக வேண்டும். தொட்டிக்குள் வெப்பம் 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரையிலும், ஈரப்பதம் 75 முதல் 85 விழுக்காடு வரையிலும் இருக்க வேண்டும். வெளியே மழை பெய்து ஊரே ஈரமாக இருப்பதை வைத்துத் தொட்டியும் ஈரமாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. குளிரூட்டிய அறையில் வலைமூடி போட்ட தொட்டி வியப்பூட்டும் வேகத்தில் உலர்ந்துவிடும். வலைக்குப் பதில் கண்ணாடி மூடியோ, வலையின் மேல் ஒட்டிய தெளிந்த பிளாஸ்டிக் தாளோ போட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

ஈரப்பதமானி காட்டும் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை இட்டு, சில சொட்டு நீர் விட்டு ஈரமான குழம்பாக்கி, மானியையும் அந்த மூடியையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் சேர்த்து மூடி, எட்டு மணி நேரம் வையுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிலைத்திருக்கும். மானி 68 காட்டினால் 7 குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். அதற்கேற்பக் கூட்டிக் கொள்ளலாம். முள் வைத்த மலிவு மானிகள் இந்தச் சோதனையில் அடிக்கடி தோற்றுப்போகின்றன.

*மூன்றாம் காரணம்: மண் சரியில்லை.* கடல்மணலோடு, அல்லது கழுவிய மெல்லிய மணலோடு, ஐந்துக்கு ஒரு பங்கு தென்னை நார்த்தூள் கலந்து, ஆழம் குறைந்தது 15 சென்டிமீட்டர், அல்லது தொட்டியிலுள்ள பெரிய நண்டின் உயரத்தைப் போல மூன்று மடங்கு, இவற்றுள் எது அதிகமோ அது இருக்க வேண்டும். கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல உருண்டு நிற்க வேண்டும். ஆனால் நீர் சொட்டக் கூடாது. உலர்ந்த மண்ணில் நண்டு தோண்டிய குகை அதன் மேலேயே சரியும். நீர் தேங்கிய மண்ணில் அது மூழ்கும். தொட்டியின் அடியில் கண்ணாடி வழியே நீர்க்கோடு தெரிந்தால், நண்டு அங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அவசர நிலை. கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

*நான்காம் காரணம்: இறப்பு.* மண்ணுக்குள் நண்டு இறப்பதும் உண்டு. ஆனால் அதை அறிவிப்பது நாட்காட்டி இல்லை, மூக்குதான். ஆகவே நாள் அதிகமாகிவிட்டது என்பதற்காக மட்டும் ஒருபோதும் தோண்ட வேண்டாம்.

செய்ய வேண்டியவை மிகக் குறைவு. உள்ளே போன தேதியைக் கண்ணாடியில் ஒரு தாளில் ஒட்டி வையுங்கள். அடிப்பக்கக் கண்ணாடியை ஒட்டி நண்டு குகை அமைத்திருந்தால், இரவில் மங்கிய சிவப்பு விளக்கில் எட்டிப் பார்க்கலாம். பகல் வெளிச்சம் படாமல் மற்ற நேரங்களில் வெளிப்புறம் கருப்புத் தாள் ஒட்டிவிடுங்கள். மேலே இருக்கும் மற்ற நண்டுகளுக்கு வழக்கம்போல் உணவும் இருவகை நீரும் (ஒரு கிண்ணத்தில் நன்னீர், இன்னொன்றில் உப்புநீர்) வையுங்கள். மண்ணின் மேற்பரப்பு வறண்டால் மட்டும் ஓரத்தில் சிறிது நீர் ஊற்றுங்கள். நண்டு இருக்கும் இடத்தின் மேல் ஊற்ற வேண்டாம்.

அறிகுறி 2: சங்குக்கு அருகே ஒரு முழு நண்டு கிடக்கிறது

பலர் அலறிக்கொண்டு கேட்பது இதைத்தான். கொடுக்குகளும் கால்களும் கண்களும் மீசையும் எல்லாம் அப்படியே இருக்க, அசைவற்ற ஒன்று சங்கின் வாயருகே கிடக்கும். அதைப் பார்ப்பவர் உயிர் போன நண்டு என்றே நினைப்பார். தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, உள்ளே உயிரோடு இருந்த நண்டையும் சங்கோடு சேர்த்து வீசியவர்கள் உண்டு.

முதலில் எதையும் தொடாமல், குனிந்து, கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, இந்த வரிசையில் பாருங்கள்.

கண்களைப் பாருங்கள். உரித்த தோலில் கண்காம்பின் நுனி நிறமற்ற, உள்ளீடற்ற சிறு தொப்பியாக இருக்கும். வெளிச்சம் அதனூடே போகும். இறந்த நண்டின் கண் கருமையாகவும், நிறைந்தும், பின்னர் மெல்லச் சுருங்கியும் இருக்கும்.

வயிறு இருக்கிறதா என்று பாருங்கள். துறவி நண்டின் வயிறு சங்கின் சுருளுக்குள் திரும்பி ஒட்டிக்கொண்டிருக்கும் மென்மையான பகுதி. இறந்து வெளியே விழுந்த உடலில் அது வளைந்து, ஈரமாக, கண்ணுக்கு நன்றாகத் தெரியும். உரித்த தோலில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும், அல்லது கிழிந்த மெல்லிய சவ்வு ஒன்று மட்டும் தொங்கும். இந்த ஒரு வேறுபாடே பெரும்பாலான நேரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

இன்னும் ஐயம் இருந்தால், நீண்ட மரக்குச்சியின் நுனியால் ஒரு காலை மட்டும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். உரித்த தோலின் கால் எடையே இல்லாமல் நகரும், நொறுங்கவும் செய்யும். உடைந்த இடத்தில் உள்ளே வெறுமை. சதை உள்ள கால் கனமாக, மூட்டில் தளர்ந்து தொங்கும்.

கடைசியாக வாடை. உரித்த தோலுக்கு மெல்லிய கடல் வாடை இருக்கும், சிலவேளை இலேசான கவிச்சியும் இருக்கும். முகத்தைச் சுளிக்க வைக்காது. இறந்த உடல் ஓரிரு நாளில் அழுகிய மீன் போல் நாறும், அந்த நாற்றத்தைப் பற்றி இரண்டு கருத்து இருக்க முடியாது.

உரித்த தோல்தான் என்று உறுதியானால், அதை எடுத்து எறியக் கூடாது. நண்டு சங்குக்குள் ஒடுங்கியிருக்கிறது; அதன் உடல் இப்போது தொட்டால் பள்ளம் விழும் அளவுக்கு மென்மையானது. அந்தப் பழைய தோல்தான் அடுத்த சில நாட்களுக்கு அதன் உணவு. மேற்பரப்பிலேயே உரித்ததற்குக் காரணம் மண் ஆழமில்லாததாக, உலர்ந்ததாக, அல்லது தொட்டி நெரிசலாக இருந்திருக்கலாம். அதை ஆராயும் நேரம் இதுவல்ல. இப்போது முதல் ஆபத்து தொட்டியிலுள்ள மற்ற நண்டுகளே. புதுத்தோல் நண்டின் வாடை அவற்றை ஈர்க்கும்; அவை அதைத் தின்றுவிடவும் கூடும்.

ஆகவே 1.5 லிட்டர் நீர்ப்பாட்டிலின் அடியை வெட்டி நீக்கி, மூடியைத் திறந்துவிட்டு, நண்டையும் உரித்த தோலையும் ஒன்றாக மூடும்படி மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திப் பொருத்துங்கள். நண்டை இடம் மாற்ற வேண்டாம். பாட்டிலின் மேல் ஒரு இருண்ட துணியைப் போர்த்தி, காற்றுக்கு மேல்வாயை விட்டுவிடுங்கள். உள்ளே ஒரு சிறு நீர்மூடியும், பொடித்த கணவாய் ஓடும் வைக்கலாம். நண்டைத் தூக்கி மண்ணில் புதைத்துவிட்டால் நல்லது என்று சிலர் சொல்வார்கள். மண்ணுக்குள் தோலுரித்த நண்டு தானே தோண்டிய குகையில்தான் மூச்சுவிட முடியும், நாம் புதைத்தால் அது குழியாகாது, சமாதியாகிவிடும்.

நிறம் பளிச்சென்று, கால் நுனிகள் கூர்மையாக, மயிர்கள் அடர்த்தியாக நண்டு எழுந்து நடந்து, பாட்டில் சுவரில் ஏற முயலும்போது பாட்டிலை எடுத்துவிடலாம்.

அறிகுறி 3: சங்கோடு மண்ணின் மேல் அசையாமல் கிடக்கிறது

பகலில் அசையாதிருப்பது அறிகுறியே இல்லை. நண்டு தூங்குகிறது. சங்கின் முன்னால் மண்ணைச் சமன்செய்து, சங்கின் மேல் ஓர் உலர்ந்த அரிசியை வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். அரிசி விழுந்திருந்தாலோ, மண்ணில் கால்தடம் இருந்தாலோ கேள்வி முடிந்தது. மற்ற நண்டுகள் இடித்து விழச் செய்திருக்கலாம் என்பதால், ஒரே நண்டு வளர்ப்பவர்களுக்கே இது முழுச் சான்று.

இரவும் அசையவில்லை என்றால் அடுத்த சந்தேகம் குளிர். தொட்டி 20 டிகிரியை ஒட்டியிருந்தால் நண்டு மந்தமாகும். குளிரூட்டியின் காற்று நேரே தொட்டியின் மேல் படுகிறதா என்று பாருங்கள். சூடு ஏற்ற வேண்டுமென்றால் வெப்பத் தட்டைத் தொட்டியின் பின்கண்ணாடியில், மண்மட்டத்துக்கு மேல் ஒட்டுங்கள். அடியில் வைத்தால் உள்ளே தோலுரிப்பவை வெந்துபோகும்.

வெப்பமும் ஈரமும் சரி எனில், தோலுரிப்புக்கு முந்தைய சோர்வாக இருக்கலாம். இந்த நிலையில் நண்டு சங்கிலிருந்து பாதி வெளியே தளர்ந்து தொங்கவும் செய்யும். அதைப் பார்த்தால் உயிர் போனது போலவே இருக்கும். இதற்குத் தனிச் சோதனை வேண்டாம். பாட்டில் போட்டு மூடி, மூன்று நாள் விட்டுவிடுங்கள். இறந்திருந்தால் நம் ஊர் வெப்பத்தில் மூன்று நாளுக்குள் நாற்றம் வந்தே தீரும். உயிரோடிருந்தால் அந்த மூன்று நாளும் அதற்கு ஓய்வாகப் போகும்.

செய்யக் கூடாதவை: கொடுக்கைப் பிடித்து இழுப்பது, சங்கைக் குலுக்குவது, வாயருகே ஊசியால் குத்துவது, தண்ணீரில் முக்கி எழுப்பிப் பார்ப்பது. கடைசியாகச் சொன்னது பலர் ஆலோசனையாகச் சொல்வது. சோர்ந்த நண்டுக்கு அதைவிடத் தொல்லை வேறில்லை.

அறிகுறி 4: தொட்டியிலிருந்து நாற்றம் வருகிறது

எல்லா நாற்றமும் இறப்பு இல்லை. முதலில் மலிவானதிலிருந்து தொடங்குங்கள்.

உணவுக்கிண்ணத்தை வெளியே எடுங்கள். நண்டு ஒரு இறால் துண்டை இழுத்துப்போய் மரக்கட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாலே அறை முழுவதும் கவிச்சி வீசும். கட்டைகளுக்கு அடியிலும், காலிச் சங்குகளுக்குள்ளும் தேடுங்கள். இரண்டு நீர்க்கிண்ணங்களையும் கழுவி நீரை மாற்றுங்கள். ஒரு நாள் காத்திருந்து மீண்டும் முகர்ந்து பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை இதோடு முடியும்.

நாற்றம் அழுகிய முட்டை போலவோ சாக்கடை போலவோ இருந்தால், காரணம் மண்ணின் அடியில் தேங்கிய நீர். அடிமண் கருத்திருப்பது கண்ணாடி வழியே தெரியும். இது நண்டின் இறப்பு இல்லை, ஆனால் விட்டால் இறப்பில் போய் முடியும்.

அழுகிய மீன் நாற்றம் நீடித்தால் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தொட்டி முழுவதும் நாறும்போது மூக்கு குழம்பிவிடும் என்பதால் நான் செய்வது இது: காகிதக் கோப்பைகளைத் தலைகீழாக மண்ணின் நான்கைந்து இடங்களில் கவிழ்த்து, அரை மணி நேரம் விட்டு, ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே முகர்ந்து பார்க்க வேண்டும். அடியில் இறந்த உடல் இருக்கும் இடத்துக் கோப்பை மட்டும் மற்றவற்றிலிருந்து தெளிவாக வேறுபடும். அந்த இடத்தில் சின்னஞ்சிறு ஈக்கள் மண்ணிலிருந்து கிளம்பினால் ஐயமே வேண்டாம்.

மற்ற நண்டுகள் ஓரிடத்தையே விடாமல் தோண்டுகின்றன என்பதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். கீழே பிணம் இருந்தாலும் தோண்டும், தோலுரிக்கும் நண்டு இருந்தாலும் தோண்டும். நாற்றமில்லாமல் அவை தோண்டினால், கீழே இருப்பது உயிருள்ளது என்று கொண்டு, அடி வெட்டிய பாட்டிலால் அந்த இடத்தைத் தடுத்துவிடுங்கள்.

இறப்பு உறுதியானால் உடலை எடுத்து, அதைச் சுற்றி ஒரு கைப்பிடி மண்ணையும் சேர்த்து அகற்றி, பையில் கட்டிக் குப்பையில் போடலாம். சாயம் பூசாத சங்காக இருந்தால் கொதிக்க வைத்து மற்ற நண்டுகளுக்கு வைக்கலாம். சாயம் பூசியதை எறிந்துவிடுங்கள். சாயம் பெயர்ந்து நண்டின் வாய்க்குள் போகும் பொருள் அது.

அறிகுறி 5: கால்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன

இதைத் தோலுரிப்பு என்று எண்ணிப் பேசாமல் இருப்பதுதான் இங்கே ஆபத்து. தோலுரிப்பில் கால்கள் தனித்தனியே உதிர்வதில்லை. உதிர்ந்த காலை உடைத்துப் பாருங்கள். உள்ளே வெறுமையானால் உரித்த தோலின் துண்டு. சதை இருந்தால் நண்டு நெருக்கடியில் தன் காலைத் தானே கழற்றிவிட்டிருக்கிறது.

வாங்கி இரண்டு மாதத்துக்குள் என்றால் பெரும்பாலும் காரணம் கடைக்கு வரும் முன்பே தொடங்கிவிட்டது. இந்த நண்டுகள் பண்ணையில் வளர்பவை அல்ல. கரையில் பிடித்து, உலர்ந்த பெட்டிகளில் நெரித்துக் கொண்டுவரப்படுபவை. வெப்பம், ஈரப்பதம், இருட்டு, இருவகை நீர் ஆகியவற்றைச் சரிசெய்துவிட்டு, கையில் எடுக்காமல் விட்டுவிடுவதே செய்யக்கூடியது. சில தேறும். சில தேறாது.

நெடுநாள் நலமாக இருந்த நண்டு திடீரென்று காலுதிர்த்தால் நீரைப் பாருங்கள். சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோரமின் இருக்கிறது. ஓரிரவு திறந்துவைத்தால் குளோரின் ஆவியாகிவிடும், குளோரமின் ஆவியாகாது. மீன் தொட்டிக்கு விற்கும் குளோரின் நீக்கி சொட்டுமருந்து, குளோரமினுக்கும் பொருந்தும் என்று எழுதியிருப்பது, கட்டாயம் தேவை. உப்புநீருக்குச் சமையல் உப்பைப் போடுபவர்கள் அதை நிறுத்திவிட்டு, கடல்மீன் தொட்டிக்கான கடலுப்பை வாங்க வேண்டும்.

நீர் சரி எனில் அடுத்த சந்தேகம் பூச்சிமருந்து. டெங்கிக்காகக் குடியிருப்பில் கொசுப்புகை அடித்த நாள், வீட்டில் கரப்பான் மருந்து தெளித்த நாள், கொசுவத்தி ஏற்றிய இரவு ஆகியவற்றை நினைவுபடுத்திப் பாருங்கள். பூச்சியைக் கொல்லும் மருந்து நண்டையும் கொல்லும், இரண்டும் கணுக்காலிகளே. புகை அடிக்கும் அறிவிப்பு வந்தால் சன்னல்களை மூடி, தொட்டியை ஈரத்துண்டால் போர்த்தி, உள்ளறைக்கு நகர்த்திவிடுங்கள். மருந்து பட்டுவிட்டதென்றால் மேற்பரப்பில் உள்ள நண்டுகளை வேறு சுத்தமான பெட்டிக்கு மாற்றி, நீரையும் உணவையும் மேல்மண்ணையும் உடனே மாற்றுங்கள்.

காலுதிர்ந்த இடத்தில் நீலம் பாய்ந்த தெளிந்த நீர் கசிந்தால் அது இரத்தம். அது நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம்.

அறிகுறி 6: சங்கை விட்டு வெறும் உடலோடு திரிகிறது

அசைகிறது என்றால் இறக்கவில்லை. ஆனால் சங்கின்றி அது நீண்டநேரம் தாங்காது. அதன் வயிறு உலர்ந்துவிடும். குளோரின் நீக்கிய நீர் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக உள்ள ஆழமான கோப்பையில், வட்டவாயுள்ள மூன்று நான்கு சங்குகளோடு அதை வைத்து, இருட்டில் மூடிவிடுங்கள். பழைய சங்கையும் அதில் வையுங்கள்; உள்ளே மணலோ உண்ணியோ இருக்கிறதா என்று கழுவிப் பார்த்துவிட்டு வையுங்கள். கையால் திணிக்க வேண்டாம். சில மணி நேரத்தில் பெரும்பாலானவை ஏதாவது ஒன்றுக்குள் புகுந்துவிடும். வெப்பமும் ஈரமும் தவறியிருக்கும் தொட்டியில் இது மீண்டும் நிகழும்.

அசைவற்று வெறும் உடலாகக் கிடந்தால் அறிகுறி 2-இல் சொன்ன கண், வயிறு, கால் சோதனையைச் செய்யுங்கள்.

எப்போது மருத்துவரை அழைப்பது

தோலுரிப்பா, இறப்பா என்று கேட்பதற்காக மட்டும் எந்த மருத்துவரையும் அழைக்கத் தேவையில்லை. காத்திருப்பதே அதற்கான சோதனை, அதற்குக் கட்டணமும் இல்லை. இரத்தம் கசிவது நிற்காதபோது, உடலெங்கும் உண்ணிகள் ஊரும்போது, தோல் பாதி கழன்று இரண்டு நாளாகியும் மீதி ஒட்டிக்கொண்டு நண்டு துவளும்போது, அல்லது நலமாக இருந்த நண்டுகள் ஒரே வாரத்தில் ஒன்றுக்கு மேல் இறக்கும்போது அழைக்க வேண்டும். நாய் பூனை பார்க்கும் எல்லா மருத்துவமனையும் நண்டைப் பார்ப்பதில்லை. அரிய செல்லப்பிராணிகளைப் பார்க்கும் இடத்தைத் தொலைபேசியில் முதலில் உறுதிசெய்யுங்கள். கட்டணம் நண்டின் விலையைவிடப் பல மடங்காகும் என்பதை முன்பே அறிந்து போவது நல்லது. தொட்டியின் படம், வெப்ப ஈரப்பத எண்கள், பயன்படுத்திய நீர், உப்பு ஆகியவற்றின் விவரம், இறந்த உடல் இருந்தால் உறையவைக்காமல் குளிர்பெட்டியில் வைத்து எடுத்துப் போவது பயன்படும். கைவிட நினைப்பவர்கள் அதைக் கடற்கரையில் விடக் கூடாது. வளர்ப்புயிரை வெளியே விடுவது இங்கே குற்றம்.

வேறு வழியின்றித் தோண்ட வேண்டி வந்தால்

இரண்டே சூழல்களில்தான் தோண்டலாம்: அடிமண்ணில் நீர் தேங்கி நண்டு மூழ்கும் நிலை, அல்லது பிண நாற்றம் உறுதியான நிலை. பிண நாற்றத்திலும், அதே தொட்டியில் வேறு நண்டு தோலுரித்துக்கொண்டிருந்தால் அதைத் தொந்தரவு செய்யாதபடி, கோப்பைச் சோதனை காட்டிய இடத்தில் மட்டும் தோண்ட வேண்டும்.

கரண்டி வேண்டாம், விரலால் செய்யுங்கள். நேராக மேலிருந்து அழுத்தாமல், தொட்டியின் ஒரு பக்கக் கண்ணாடியை ஒட்டி மண்ணைச் சிறுசிறு அளவாக அள்ளி எடுத்து, பக்கவாட்டில் நண்டை நோக்கி நகருங்கள். குகையின் வெற்றிடம் விரலில் பட்டவுடன் நின்றுவிடுங்கள், கைவிளக்கால் பாருங்கள். உள்ளே நண்டு இளஞ்சிவப்பாகவோ வெளிறியோ, ஈரம் மின்ன, மெல்ல மீசையை அசைத்தால், அது தோலுரித்த நண்டு. நாற்றத்தைத் தேடி வந்திருந்தால் வந்த வழியைத் தளர்வான மண்ணால் மூடிவிட்டு, வேறு இடத்தில் தேடுங்கள்.

நீர் தேங்கியதால் தோண்டியிருந்தால் அதை அங்கே விட முடியாது. நண்டைத் தனியாகப் பிடிக்காமல், அதன் அடிமண்ணோடும் உரித்த தோலோடும் இரு கையிலும் ஏந்தி, சரியான ஈரத்தில் மண் போட்ட வேறு பெட்டியில், முன்பே விரலால் செய்து வைத்த ஒரு பள்ளத்துக்குள் இறக்குங்கள். மண்ணால் மூடாமல், பள்ளத்தின் மேல் ஓர் உடைந்த மண்சட்டித் துண்டைக் கூரையாகக் கவிழ்த்து, பெட்டியைக் காற்று போக இடம் விட்டு மூடி, இருட்டில் வையுங்கள். ஈரப்பதம் 80-ஐ ஒட்டி இருக்கட்டும். முதல் வாரம் நீர்க்கிண்ணத்தை நிரப்புவதற்குத் தவிர வேறெதற்கும் திறக்க வேண்டாம்.